இரண்டு கூடை வடிகட்டி வரும்வரை

என் செல்லத் தம்பி முருகேசா,

தென்காசியில் சாரல் விழுகிறது. நீ இல்லாத முதல் குற்றாலச் சீசன். ஐந்தருவிக்குக் கார்கள் வரிசையாகப் போகின்றன. எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே மனமில்லை.

உன் சைக்கிளை எடுத்துவர நேற்று எண்ணெய் மில்லுக்குப் போனேன். நீ வெந்து விழுந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். குழாயில் அதே வடிகட்டி. சூடான தேங்காய் எண்ணெயின் கசடைப் பிடிக்கும் அந்த வலைக் கூடையை இப்போது உன் இடத்தில் மைதீன் திறக்கிறான். பம்பு ஓட ஓட, வால்வை மட்டும் அடைத்துவிட்டு, மூடியை ஸ்பேனரால் தட்டிக் காது கொடுக்கிறான். நீயும் அப்படித் தட்டிப் பார்த்துத்தானே மூடியைத் திறந்தாய்? தேங்காயைத் தட்டியே முற்றலா என்று சொல்கிறவர்கள் நீங்கள். தட்டினால் உள்ளே எண்ணெய் இருப்பது கேட்கலாம். வால்வு கசிந்து ஏறிய அழுத்தம் கேட்குமா, தம்பி?

முதலாளி அண்ணாச்சி புது வடிகட்டி வாங்க விலைப்பட்டியல் பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னும் பொடி வலையாப் போடுவோம் டீச்சர். ஒரு தூசி தப்பாது."

நீ போன பிறகு இதைப் பற்றி நான் விசாரிக்காத ஆள் இல்லை. அதனால் பேசினேன். "டீ வடிகட்டில துணியப் போட்டு வடிச்சுப் பாருங்க அண்ணாச்சி. சட்டுனு அடைச்சுக்கிடும். வலை பொடியாச்சுன்னா மைதீன் இன்னும் அடிக்கடி மூடியத் திறக்கணும். கசடுக்கு ஏத்த துளை போதும். ரெண்டு கூடை உள்ளதா வாங்குங்க. ஒண்ணுல எண்ணெய் ஓடட்டும். இன்னொண்ண அடைச்சு, வடிய விட்டுக் கழுவலாம். அழுத்தம் காட்டுத மீட்டரும் வேணும்."

மைதீன் குறுக்கே புகுந்தான். "டீச்சருக்கே என் வேலையக் குடுத்துருங்க மொதலாளி. நான் எங்க ஊரு கடையநல்லூர்ல போய்த் தூங்குதேன்."

யாரும் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி போனை எடுத்து இரண்டு கூடை உள்ளதற்கே ஆர்டர் சொன்னார். "ஆனா அது வாரவரைக்கும் பழசுதான் ஓடும். மில்ல நிறுத்த முடியாது, டீச்சர்."

வரும்வரை. அதற்குள் மைதீன் எத்தனை முறை திறக்க வேண்டும்? அவன் வீட்டில் காத்திருப்பவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நான் ஓய்வு பெற்றாயிற்று, எனக்கு இனிப் பள்ளிக்கூடம் இல்லை. புதியதைப் பொருத்தும் நாள்வரை தினமும் மில்லுக்குப் போவேன், தம்பி. பம்பு நின்று, அழுத்தம் இறங்கி, எண்ணெய் ஆறும்வரை அந்த மூடியில் யாரையும் கைவைக்க விடமாட்டேன். அண்ணாச்சி விரட்டினாலும் நகரமாட்டேன்.

உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
பார்வதி