வாரேன் கட்டம்

டீச்சர்,

இன்று பெட்டியைத் திறந்ததும் நெத்திலிக் கருவாடு மணத்தது. நீங்கள் வரைந்து தந்த விளையாட்டு அட்டையைக் கருவாட்டுப் பெட்டியில் பத்திரப்படுத்தியது, சரித்திரம் போற்றும் என் முடிவுகளில் ஒன்று. உங்கள் பச்சைக் காயைக் கண்டால் பூனைகூடப் பின்னால் வருகிறது.

என் தங்கை மகள் கயலுக்கு ஆட்டிசம். நாலு பேரோடு பழக விளையாட்டாகவே சொல்லிக்கொடுப்பதற்கு, இராமநாதபுரத்திலிருந்து தொண்டிக்குச் செவ்வாய்தோறும் பஸ் ஏறி வருவீர்கள். கல்யாண வீட்டில் அவள் மணப்பெண்ணிடம் “போறேன்” என்று சொல்லிவிட்டதை உங்களிடம் முறையிட்டேன். பந்தலில் அத்தனை பேரும் மூச்சை இழுத்த இழுப்பில் கடல் பத்தடி உள்வாங்கியது என்றேன்.

“உண்மையத்தானண்ணே சொல்லிருக்கா? போறப்ப எப்பிடி வாரேன்னு சொல்லுவா?” என்றீர்கள்.

ஐம்பது வயதில் எனக்கே அப்போதுதான் உறைத்தது.

மறுவாரம் அட்டையில் ‘வாரேன் கட்டம்’ முளைத்தது. அதில் காய் விழுந்தால் “போயிட்டு வாரேன்” என்று சொல்லி, வாசல் கேட்டைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். வரும்வரை மற்றவர்கள் பத்து எண்ணிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நான் கேட்டுக்கு நடந்த நடைக்குக் கடல்மேல் இலங்கையே போய் வந்திருக்கலாம். கயல் போகும்போது மட்டும் நைசாக இரண்டு முறை தாயம் உருட்டிவிடுவேன்.

“மாமா அழுகுணி ஆட்டம்!” என்று கேட்டிலிருந்தே கத்துவாள்.

“பிள்ளை கத்துக்கிருச்சு. நீங்க எப்பண்ணே?” என்பீர்கள்.

கடைசியாக வந்த அன்றும் “வாரேன் கயல்” என்றுதான் கிளம்பினீர்கள். அந்த வாரமே மாரடைப்பு. அடுத்த செவ்வாய் அவள் அட்டையை விரித்து, கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள்.

“டீச்சர் ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லிருண்ணே” என்றாள் தங்கை. தொண்டி முதல் கமுதி வரை பொய் விதைத்தவன் நான். சொன்னால் இவள் தினமும் இங்கேயே உட்கார்ந்திருப்பாளே என்று நினைத்ததும், அந்தப் பொய் மட்டும் வாய்க்கு வரவில்லை.

“டீச்சர் செத்துப்போயிட்டாங்க கயலு. இனிமே வர மாட்டாங்க.”

“வாரேன்னாங்க.”

“ஆமா. வரணும்னு நெனச்சுத்தான் சொன்னாங்க.”

கயல் உங்கள் பச்சைக் காயை எடுத்து வாரேன் கட்டத்தில் வைத்தாள்.

“டீச்சர் முறை. மாமா, பத்து எண்ணு.”

இன்றைக்கும் அப்படித்தான். உங்கள் காய் அங்கேயே நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் பத்து எண்ணிவிட்டுத்தான் மேலே ஆடுகிறோம். கயல் கேட்டுக்குப் போனால் இப்போதும் இரண்டு முறை உருட்டத்தான் செய்கிறேன், மறைப்பானேன்? ஆனால் உங்கள் முறை வரும்போது மட்டும், டீச்சர், ஒன்றுகூட விடாமல் எண்ணுகிறேன்.