ஜீப்பின் மூச்சுக்குழாயை மாற்றிய ஐப்பசி

அண்ணா,

இன்று காலை கோத்தகிரிக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைக் கொழுந்து வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முந்த இடமில்லாத வளைவுகள். மூட்டைக்குள் நெடுநேரம் கிடந்து சூடேறிய கொழுந்தின் வாடை, புளித்த பழமும் நனைந்த வைக்கோலும் சேர்ந்தாற்போல, கண்ணாடியை ஏற்றிய பிறகும் உள்ளே வந்துகொண்டிருந்தது. என் வண்டியில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது. ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். எழுத உட்கார்ந்தால் ஒரு பொய்யிலிருந்து தொடங்க வேண்டும் என்று தெரியும். அதற்குத் தெம்பு இல்லை. இன்றும் பெரிய தெம்பொன்றும் வந்துவிடவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

கொழுந்து விலை விழுந்த வருடங்கள் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கீழ் கோத்தகிரியில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. கிள்ளினால் கூலிக்குக் கட்டாது, விட்டால் செடி மரமாகிவிடும். என் வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கரும், பெட்ரோலைக் குடித்துத் தீர்க்கும் அவருடைய பழைய ஜீப்பும் என்னிடம் இருந்தன. நீங்கள் ஃபிட்டராக இருந்த தேயிலை ஃபேக்டரி மூடிய அன்றோடு, எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்த கொழுந்து லாரியும் நின்றது. மிஷின்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று உங்களை மட்டும் காவலுக்கு வைத்தார்கள். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தபோது கையில் ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்பேனர் பையும்தான் இருந்தன என்பீர்கள். அந்தப் பையோடு ஃபேக்டரியின் பின்கட்டு வீட்டில் அண்ணியும் நீங்களும் தனியாக இருந்தீர்கள்.

கொழுந்து எடுக்கிற இன்னொரு ஃபேக்டரி ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்தது. எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து என்னிடம் வந்தார்கள், ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி. பெட்ரோல் போட்டால் கொழுந்து விற்ற காசு அதற்கே போய்விடும் என்றேன். கூடப் பிறக்காத என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்ட நீங்கள்தான் பானட்டைத் திறந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "டீசல் எஞ்சின் போடலாம் தங்கச்சி. இடம் கொஞ்சம் நெருக்கும். ஆனா உக்காரும்" என்றீர்கள்.

மேட்டுப்பாளையத்தில் கவிழ்ந்து நசுங்கிய ஒரு வேனின் எஞ்சின் கிடைத்தது. எங்கள் வாசலில் மூன்று கம்பு நட்டு, சங்கிலி கட்டி, பழையதைத் தூக்கிப் புதியதை இறக்கினோம். எஞ்சின் உட்கார்ந்தது. மூச்சுதான் உட்காரவில்லை. பழைய எஞ்சின் இடது கைப் பக்கம் காற்றை இழுத்தது. இது வலது கைப் பக்கம் இழுத்தது. அங்கே ஸ்டியரிங் கம்பி. இந்தப் பக்கம் பேட்டரி, அதை ஒட்டிக் கொதிக்கும் புகைக்குழாய். ஏர் ஃபில்டரை வைக்க ஒரு சாண் இடமில்லை. கடைசியில் ரேடியேட்டருக்குக் கீழே, பம்பருக்குப் பின்னால் அதைத் தொங்கவிட்டு, ஒரு குழாயை வளைத்து எஞ்சினோடு சேர்த்தீர்கள். சேர்த்துவிட்டு முகம் சுளித்தீர்கள்.

"இது தற்காலிகம். மழைக்கு முந்தி மேல தூக்கி வைக்கணும். அதுவரைக்கும் தண்ணியில எறக்காதீங்க. விளங்குதா?"

"விளங்குதுங்ண்ணா" என்றேன்.

ஒன்றரை மாதம் ஓட்டினேன். நான் நடத்துகிற வண்டியில் எட்டு வீட்டு அடுப்பு எரிகிறது என்று எனக்குள் ஒரு மிதப்பு வந்திருந்தது. நீங்கள் இரண்டு முறை ஆள் விட்டுச் சொன்னீர்கள், ஒரு நாள் வண்டியை நிறுத்தினால் வேலையை முடித்துவிடலாம் என்று. ஒரு நாள் நிறுத்தினால் ஒரு நாள் கொழுந்து முற்றிவிடும் என்று நான் தள்ளிப்போட்டேன்.

அந்த ஐப்பசி மழை மூன்று நாள் விடாமல் பெய்தது. நான்காம் நாள் மதியம், எட்டு வீட்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு ஓடைக்கு வந்தேன். பக்கத்தில் ராஜம்மாக்கா. எட்டு வீட்டில் அவர்கள் வீட்டு மூட்டைதான் அதிகம். தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. ஓரத்துக் கல் தெரியவில்லை. அந்தக் கல் மூழ்கினால் முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்று எனக்குத் தெரியும்.

"திரும்பிரலாம் புள்ள. மேல் ரோட்டுல சுத்திப் போயிக்கலாம்" என்றார்கள் ராஜம்மாக்கா.

சுற்றிப் போனால் ஒன்றரை மணி நேரம் கூட. ஃபேக்டரியில் கொழுந்து எடுக்கும் நேரம் முடிந்துவிடலாம். ஆனால் அதெல்லாம் பிறகு நான் சேர்த்துக்கொண்ட காரணங்கள் அண்ணா. உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது. விடியலில் எழுந்து கிள்ளி, மூட்டை கட்டி, ஏற்றி, கை இரண்டும் மரத்திருந்தது. அந்த ஸ்டியரிங்கை மறுபடி முழுதாக ஒடித்துத் திருப்ப எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான். கியரைப் போட்டு இறக்கினேன்.

பாதி ஓடையில் எஞ்சினுக்குள் யாரோ சம்மட்டியால் ஒரு அடி அடித்ததுபோல் சத்தம். அதோடு நின்றது. ராஜம்மாக்காவும் நானும் இறங்கி, தண்ணீர் வடியும்வரை கரையில் நின்றோம். டிராக்டர் வந்து இழுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மூட்டைக்குள் கைவிட்டால் சுட்டது. அந்தக் கொழுந்தை எந்த ஃபேக்டரியும் எடுக்காது. எட்டு வீட்டு உழைப்பையும் சாலையோரம் கொட்டினோம். அந்த வாடைதான், இன்று காலை எனக்கு முன்னால் போனது.

மறுநாள் நீங்கள் வந்தீர்கள். என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள்.

"பாலத்துல கொஞ்சமாத்தானுங்ண்ணா தண்ணி போச்சு. நடுவுல போனதும் மேல இருந்து திடீர்னு வந்துருச்சுங்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு எஞ்சினைப் பிரிக்க ஆரம்பித்தீர்கள். கீழே தொங்கிய ஃபில்டர் வழியாக எஞ்சின் தண்ணீரை இழுத்திருந்தது; பிஸ்டனைத் தாங்கும் கம்பி ஒன்று வளைந்து வெளியே வந்தது. அதை என் கையில் கொடுத்து, "தண்ணி அமுங்காது தங்கச்சி. காத்துதான் அமுங்கும்" என்றீர்கள். நீங்கள் திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன்.

கம்பிக்கு மாற்று கிடைத்துவிட்டது. குழாய்க்குத்தான் வழியில்லை. இந்த முறை மேலே கொண்டுபோகாமல் எஞ்சினை முடுக்குவதில்லை என்று நின்றீர்கள். வழி எப்படிப் போட்டாலும் பேட்டரி இடித்தது. அட்டையை வெட்டி வைத்து வைத்துப் பார்த்தீர்கள். "பேட்டரிய என் சீட்டுக்கு அடியில போட்டா ஆகாதுங்ளா?" என்று நான்தான் கேட்டேன். நீங்கள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். அந்த வாரத்தில் நீங்கள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

பேட்டரி போன இடத்தில், கண்ணாடிக்குக் கீழே உயரத்தில், ஃபில்டர் டப்பா நிமிர்ந்து உட்கார்ந்தது. அங்கிருந்து எஞ்சினின் தலைக்கு மேலாகப் போய், புகைக்குழாயைத் தொடாமல் திரும்பி, வலது பக்கம் இறங்க வேண்டும். முதலில் கித்தான் குழாய் போட்டுப் பார்த்தோம். எஞ்சினை முறுக்கியதும், பல்லுப் போனவர்கள் வெற்றிலை குதப்பும்போது கன்னம் ஒட்டுவதுபோல் அது உள்ளே ஒட்டிக்கொண்டது. கறுப்புப் புகை வாசலை மூடியது.

"வாயைப் பொத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா ஏறுமா? உள்ள கம்பி வச்சு வார்த்த ரப்பர் வளைவு வேணும். நேர்க்குழாய வளைச்சா மடங்கும்" என்றீர்கள்.

கோத்தகிரியில் இல்லை. குன்னூரில் கேட்டு வந்தேன், இல்லை. ஜீப் நின்ற நாட்களில் ராஜம்மாக்கா மூட்டையைத் தலையில் வைத்து மேல் ரோடு வரை நடந்தார்கள். எதிரே பார்த்தால், "மழ விட்ருச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார்கள்.

இரண்டு நாள் கழித்து நீங்கள் அந்த வளைவோடு வந்தீர்கள். தொடை கனத்தில் தடித்த கறுப்பு ரப்பர்.

"மேட்டுப்பாளையத்துல பழைய சாமான் கடையில கெடச்சிச்சு" என்றீர்கள்.

அளந்து செய்ததுபோல் உட்கார்ந்தது. கிளிப்பை நீங்கள் முறுக்கினீர்கள், நான் பிடித்துக்கொண்டேன். அப்போது பார்த்தேன், அதன் மடிப்புகளுக்குள் பழுப்பாகத் தேயிலைத் தூசி படிந்திருந்தது. துடைத்தும் போகாத தூசி. மேட்டுப்பாளையத்துப் பழைய சாமான் கடையில் தேயிலைத் தூசிக்கு என்ன வேலை? மூடிக் கிடக்கும் ஃபேக்டரியில் ஒரு பெரிய டீசல் ஜெனரேட்டர் இருப்பது எனக்குத் தெரியும். அதுவும் மூச்சு இழுக்கிற மிஷின்தானே. நீங்கள் ஓடையைப் பற்றி இரண்டாம் முறை கேட்கவில்லை, நான் இதைக் கேட்கவில்லை. எஞ்சின் ஒரே முடுக்கில் பிடித்தது. கறுப்புப் புகை இல்லை. முறுக்கிப் பார்த்தோம். குழாய் அசையவில்லை. நீங்கள் அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சற்றுநேரம் நின்றீர்கள்.

தை பிறந்ததும் நீங்களும் அண்ணியும் திருப்பூருக்குக் கிளம்பினீர்கள். சாயப் பட்டறையில் பாய்லர் வேலை, நல்ல இடம் என்றீர்கள். ஜீப்பில்தான் கொண்டுபோய்ப் பஸ் ஏற்றினேன். அன்றைக்கும் வழியெல்லாம் வண்டியின் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு வந்தீர்கள். "நல்லா இழுக்குது" என்றீர்கள். அதுதான் நாம் கடைசியாக நேரில் பேசியது. பிறகு போனில்தான். அதுவும் பொங்கலுக்குப் பொங்கல். ஜீப் இன்னும் ஏழு மழைக்காலம் ஓடி, அடித்தகடு இற்றுப்போய், எடைக்குப் போனது. வீட்டுக்காரர் திரும்பி வந்தார். விலை கொஞ்சம் ஏறியது, இறங்கியது. நான் ஓட்டுவதை விடவில்லை. இப்போது ஓட்டுவது வேறு வண்டி, கிள்ளப் போகிறவர்களை ஏற்றி இறக்குவது.

உங்களுக்கு நெஞ்சுவலி என்று சேதி வந்து நான் திருப்பூர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் மறுபடி போனேன். வந்தவர்கள் போன பிறகு, அண்ணி தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டேன். அப்போதுதான் சொன்னார்கள்.

"அந்த மார்கழியில ஃபேக்டரிய வாங்க ஆள் வந்துச்சு தங்கச்சி. ஜெனரேட்டர ஓட்டிக் காட்டச் சொன்னாங்க. ஓட்டுறதுக்கு அதுல கொழாய் இல்ல. யாரு எடுத்ததுன்னு கேட்டதுக்கு, நான்தான் எடுத்தேன்னாரு. எதுக்குன்னு கேட்டாங்க. அதுக்கு வாயே தொறக்கல. மூணு நாள்ல ஊட்டக் காலி பண்ணச் சொன்னாங்க."

முப்பது வருடம் அந்த ஃபேக்டரியில் ஒரு நட்டைக்கூட பையில் போடாதவர் நீங்கள். என் ஜீப்பைக் கை காட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் கழற்றிக் கொடுத்திருப்பேன். வளைவு திரும்பியிருக்கும், உங்கள் வீடு தங்கியிருக்கும், ஜீப்பும் எட்டு வீட்டுக் கொழுந்தும் நின்றுபோயிருக்கும். அதனால்தான் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போது புரிகிறது.

நான் துணியைக் கீழே வைத்தேன். "அண்ணி, அன்னிக்குத் தண்ணி திடீர்னு வரலைங். கல்லு முழுகியிருந்ததைப் பார்த்துட்டுத்தான் எறக்கினேன். ராஜம்மாக்கா வேண்டாம்னாங்க. திரும்பச் சோம்பலா இருந்துச்சு."

அண்ணி என்னைப் பார்க்காமலே சொன்னார்கள்: "அவருக்குத் தெரியும். ராஜம்மா அன்னிக்கே சொல்லிருச்சு."

"அப்புறம் ஏனுங் கேக்கலை?"

"நானும்தான் கேட்டேன். அந்தப் புள்ள ரொம்பக் களைச்சுப் போயிருக்குன்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு."

மீதிப் பாத்திரங்களை இருவரும் துடைத்து முடித்தோம். அண்ணி எனக்குச் சோறு போட்டார்கள். கோபத்தோடு போடவில்லை, பிரியத்தோடும் போடவில்லை. பசிக்கும் என்று போட்டார்கள். சாப்பிட்டேன்.

அண்ணா, ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. அதுவே ஒரு பாரமாக இருந்தது. நீங்கள் என்னை மன்னித்தீர்கள் என்று எழுதிக்கொண்டால் எனக்கு எளிது. ஆனால் நீங்கள் அப்படி எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் களைத்திருந்ததைப் பார்த்தீர்கள், அவ்வளவுதான். உங்களுக்குக் களைப்பாக இருந்ததா என்று நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

என் வண்டியில் தினமும் பதினொரு பெண்கள் வருகிறார்கள். சாயங்காலம் திரும்பும்போது பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருத்தி, புதிதாக வந்தவள், மேஸ்திரி கேட்டால் எடையைக் கூட்டிச் சொல்கிறாள். போன வாரம் என்னிடமும் ஏதோ ஒன்றை மாற்றிச் சொன்னாள். பொய் என்று தெரிந்தது. வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "முன்னாடி வந்து உக்காந்துக்க, ஜன்னல் பக்கம்" என்றேன். அவள் வந்து உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, இறங்கும் இடம்வரை தூங்கினாள்.