ரோசலியா அம்மாவிடம் இரண்டு நேர்த்தி

பலேர்மோ,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள சாம்பவியின் அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்கள் போனை எடுப்பதில்லை. அதனால் ஜெனோவாக் கப்பலில் வேலை செய்யும் விக்னராஜா அண்ணையிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். வடக்கே பெரிய கசினோ இருக்கிற ஊரில்தான் நிற்கிறீர்கள் என்று அவர் சொல்லிவிட்டார். ரெஸ்ரோரன்ற் வேலை என்று எனக்குச் சொன்னது பொய் என்று தெரிந்தபோது கோபம்கூட வரவில்லை. சோறுதான் இறங்கவில்லை.

கேட்டால் சிரிப்பீர்கள். நீங்கள் பழியாய்க் கிடந்த அந்தச் சூதாட்ட மெஷின் கடையை இப்போது காலையில் துடைப்பது நான்தான். சின்யோரா வீட்டு வேலை குறைந்துவிட்டது, வேறு வழியில்லை. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. ஜன்னலும் இல்லை, மணிக்கூடும் இல்லை. கதிரைகள் எங்கள் கட்டிலைவிட மெத்தென்று இருக்கின்றன. விளையாட்டுக்கு அடிமையாகலாம், கவனம் என்று அரசாங்கம் ஒட்டச் சொன்ன தாள் ஒவ்வொரு மெஷினிலும் இருக்கிறது. வரியையும் அதே அரசாங்கம்தான் எடுக்கிறது. பென்ஷன் எடுத்த கிழவிகள் அந்தத் தாளை மறைத்துக் கைப்பையைத் தொங்கவிட்டுக்கொண்டு இருப்பார்கள். அதில் ஒருத்தி என்னைக் கண்டால் உங்களைத்தான் விசாரிப்பாள். தனக்குக் கோப்பி வாங்கித் தருகிற நல்ல மனுஷனாம்.

மெஷின் திருத்த வருகிற டெனிஸ்டன் தம்பியிடம் விசாரித்தேன். பொத்தானை அமத்திய உடனேயே உள்ளே எல்லாம் முடிவாகிவிடுமாம். பிறகு படங்கள் சுற்றுவது சும்மா எங்கள் கண்ணுக்காம். இரண்டு பழம் வந்து மூன்றாவது மயிரிழையில் தப்பிவிட்டது என்று சாப்பிடாமல் இருந்து புலம்புவீர்களே, அது தப்பியதே இல்லையாம். இன்னொருக்கால் அமத்த வைக்கத்தான் அப்படிக் காட்டுகிறதாம்.

ஆவணியில் மூன்று பேரும் வெறுங்காலோடு பெல்லெக்ரினோ மலை ஏறி, அங்கே குகைக்கோயிலில் இருக்கிற ரோசலியா அம்மாவுக்கு நேர்த்தி வைத்தோம். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு அழுதீர்கள். இந்தப் பழக்கத்தை விடத்தான் கேட்கிறீர்கள் என்று நினைத்து நானும் அழுதேன். போன கிழமைதான் சாம்பவி வாய்விட்டாள். மெஷினிலை பெரிசா காசு விழவேணும் எண்டுதான் அப்பா கேட்டவர், அம்மாட்டைச் சொல்லாதை எண்டவர் என்றாள். ஒரே நேரத்தில் புருஷன் ஒன்றும் பெண்சாதி அதற்கு எதிராய் ஒன்றும் கேட்டால் அந்த அம்மாவும் என்னதான் செய்வா?

உங்கள் செருப்பை வாசலிலிருந்து எடுக்கச் சாம்பவி விடுகிறாளில்லை. கூட்டும்போது தூக்கினாலும் பார்த்துக்கொண்டு நின்று திருப்பி வைப்பிக்கிறாள்.

விட்டதைப் பிடித்துக்கொண்டுதான் எங்கள் முகத்தில் முழிப்பேன் என்று விக்னராஜா அண்ணையிடம் சொன்னீர்களாம். அந்தக் கிழவிகளும் இதையேதான் இத்தாலியன் பாஷையில் சொல்கிறார்கள். பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போன ஒருத்தரையும் நான் இன்னும் காணவில்லை.

இன்று விடியத் தனியே மலை ஏறி என் நேர்த்தியை மாற்றிவிட்டு வந்தேன். நீங்கள் அந்த விளையாட்டை விடவேண்டும் என்றுகூட இந்த முறை கேட்கவில்லை. வந்தால் போதும் என்று கேட்டேன்.

தோற்றபடியே வாங்கோ. அந்த அம்மா வழித்துணையாய் வரட்டும்.

இன்னும் உங்கள்,
குகனேஸ்வரி