சரோஜாம்மா வீட்டுச் சாவி

அம்மாடி,

நேற்று ஆயுத பூஜை. தறிக்கூடத்தைக் கழுவிவிட்டு, சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு மோட்டாருக்குப் பொட்டு வைக்கப் போனேன். வாசனை மூக்கில் ஏறியதும் விரல் அப்படியே நின்றுவிட்டது. போன வருஷம் இதே நாளில் நீ போன் செய்து சிரித்த சிரிப்பு காதில் கேட்டது. உங்கம்மா பின்னாலிருந்து, "இன்னா, வெச்சிக்கினே நிக்கிற? வையி" என்றாள். வைத்தேன். அப்புறம் வெளியே போய், வண்டியைத் துடைப்பதுபோல அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

சென்னையில் பூமிக்கடியில் ஸ்டேஷன் கட்டுகிற வேலை உனக்குக் கிடைத்தபோது நம் நகரி ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தவன் நான். மெட்ரோ ரயிலுக்கு என் பெண்தான் குழி தோண்டுகிறாள் என்று டீக்கடையில் அளந்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, உன்னைக் குழிக்குள் விடவே இல்லை என்று. குழியைச் சுற்றியிருக்கிற தெருவில் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எப்போது சத்தம் வரும், எந்த வழியை அடைப்பார்கள், எந்த வீடு அதிரும் என்று சொல்ல வேண்டும். அவர்கள் திட்டுவதை வாங்கிக்கொண்டு வந்து ஆபீசில் சேர்க்க வேண்டும். அதுதான் உன் உத்தியோகம். எனக்கு வந்ததே கோபம்.

"இதுக்கா என்ஜினியரிங் படிச்ச? ஓட்டு கேக்கிறவன் மாதிரி தெருத் தெருவா சுத்திக்கினு?"

"எந்திரத்துக்குக் கோவம் வராது நைனா. மேல குடியிருக்கிறவங்களுக்கு வரும். அந்தக் கோவம்தான் என் வேலை" என்றாய். லீவுக்கு வந்த உன்னை ஏகாம்பரகுப்பம் ரயிலடியில் ஏற்றிக்கொண்டு வண்டியில் வந்துகொண்டிருந்தோம். வீடு வருகிறவரைக்கும் என் காதுக்குப் பின்னால் அந்தத் தெருக் கதைதான். அந்த வேலையை என்னிடம் கொடுத்திருந்தால் முதல் நாளே அடிதடி ஆகியிருக்கும்.

போன வருஷ ஆயுத பூஜைக் கதையை யாரிடம் சொன்னாலும் நம்பமாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு கண்ணாடியைப் பொருத்தியிருந்தீர்கள். எதிர் மாடியில் இருக்கும் கருவி அந்தக் கண்ணாடிகளை ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். சுவர் இம்மியளவு நகர்ந்தாலும் ஆபீசுக்குத் தெரிந்துவிடும். இதையெல்லாம் விளக்க முடியாமல் நீ அந்தப் பெண்களிடம், "இது உங்க வூட்டைக் காவல் காக்கிற கண்ணு" என்று சொல்லி வைத்திருக்கிறாய். காவல் காக்கிறது என்றால் நம் ஜனம் சும்மா விடுமா? பூஜை நாளன்று தெரு முழுக்க ஒவ்வொரு கண்ணாடிக்கும் சந்தனம், குங்குமம் அப்பிவிட்டார்கள். கருவிக்கு ஒரு சுவரும் தெரியவில்லை. ஆபீசில் மணி அடித்து, தோண்டுகிற வேலை நின்று, பெரிய என்ஜினியர்கள் தலைதெறிக்க ஓடி வந்தார்களாம்.

ஆளை அனுப்பித் துடைத்துவிடு என்று உன் மேலதிகாரி சொன்னார். நீ தண்ணீரும் துணியுமாக நீயே போனாய். பெண்கள் விடவில்லை. "நாளும் கெழமையுமா பொட்ட அழிக்கச் சொல்றியே, நீயெல்லாம் பொம்பளப் புள்ளையா?" என்று முதலில் சண்டைக்கு வந்தவர்தான் சரோஜாம்மா.

"பொட்ட அழிக்க வேணாம்மா. கண்ணுக்குள்ள யாருனா குங்குமம் வெப்பாங்களா? எரியாது? மேல நெத்தி கீதே, அங்க வையி" என்று கண்ணாடிக்கு மேலிருந்த இரும்புப் பட்டையைக் காட்டினாயாம். சரோஜாம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் முந்தானையாலேயே கண்ணாடியைத் துடைத்தாராம். இதைச் சொல்லும்போது உனக்குச் சிரிப்பில் மூச்சே வரவில்லை.

அதே சரோஜாம்மாதான் பிறகு உனக்குத் தலைவலியானார். சுரங்கம் குடைகிற எந்திரம் அவர் வீட்டுக்கு நேர் அடியில் வந்துகொண்டிருந்தது. அது கடந்து போகிறவரைக்கும் வீட்டைக் காலி செய்து லாட்ஜில் தங்க வேண்டும். தெருவில் எல்லோரும் கிளம்பினார்கள், அவர் மட்டும் அசையவில்லை. புருஷன் இல்லாத ஒண்டிக்கட்டை. முன் அறையில் இட்லி சுட்டு விற்றுப் பிழைக்கிறவர். "நான் அந்தாண்ட போனா கொழுந்தன் இந்தாண்ட வந்து குந்திக்குவான். அப்புறம் எந்த மெட்ரோகாரன் வந்து கேப்பான்?" என்றார். அவர் பயம் நியாயமானதுதான். நீ தினமும் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய். கடைசியில் வீட்டைப் பூட்டிய சாவியை ஆபீசில் தரமாட்டேன், உன் கையில்தான் தருவேன் என்றாராம். "நானே வந்து கூட்டினு போய் உன் வூட்ல உக்கார வெக்கிறேன்" என்று சொல்லிச் சாவியை வாங்கிக்கொண்டாய்.

அந்த வாரம் காய்ச்சலோடு ஊருக்கு வந்தாய். புத்தூரில் காட்டினோம். குறையவில்லை என்று திருப்பதிக்குக் கொண்டுபோனோம். எந்திரம் அந்த வீட்டுக்கு அடியில் போன நாட்களில் நீ கையில் ஊசியோடு படுத்திருந்தாய். கண்ணைத் திறந்தால் ஒரே கேள்விதான். "சரோஜாம்மா வூடு நல்லாகீதான்னு ஆபீசுக்குப் போன் போட்டுக் கேளு நைனா."

"ஊரான் வூட்டை உடு. உன் ஒடம்பப் பாரு" என்று அதட்டினேன். ஆனாலும் வராந்தாவுக்குப் போய்க் கேட்டேன். ஒரு விரிசலும் இல்லை என்றார்கள். வந்து சொன்னதும் நீ கண்ணை மூடிக்கொண்டாய். மறுநாள் டாக்டர் என் தோளைத் தொட்டு, "தைரியங்கா உண்டண்டி" என்றார். அவர் அப்படித் தைரியமாக இருக்கச் சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது.

நீ போன பிறகு வீடு வீடாக இல்லை. உன் பேரைக் கேட்டாலே உங்கம்மா மயங்கி விழுகிறாள் என்று யாரும் அதை வாயில் எடுப்பதில்லை. உன் ரூமும் பெட்டியும்கூட 'அந்த ரூம்', 'அந்தப் பொட்டி' என்றுதான் பேச்சு.

காரியம் முடிந்த கையோடு உன் ஆபீஸ் பையன் ஒருவன் போன் செய்தான். "சார், ஒரு வூட்டுச் சாவி... மத்தவங்க எல்லாம் திரும்பிட்டாங்க. அந்தம்மா மட்டும் லாட்ஜ உட்டு வரமாட்டேங்குது. பூட்ட உடைக்கவும் உடல. பொண்ணு வந்து கூட்டினு போவும்னு உக்காந்துகினு இருக்குது."

"சொல்லலையா நீங்க?"

"வாய் வரல சார்."

கண்டபடி திட்டிவிட்டுப் போனை வைத்தேன். பிறகு உன் பையைத் திறந்தேன். பக்கவாட்டு ஜிப்புக்குள் நம் வீட்டுச் சாவியோடு அந்தச் சாவியையும் சேர்த்தே கோத்திருந்தாய். மறுநாள் காலை ரயிலில் கிளம்பினேன். உன் வாய் கொடுத்த வாக்கை யாரோ ஒருவன் போய் முடிப்பதா?

லாட்ஜ் கதவைத் திறந்த சரோஜாம்மா சாவியைப் பார்த்துவிட்டு, என்னைத் தாண்டி மாடிப்படியைப் பார்த்தார். "நீ அதோட நைனாவா? ஜாடை அப்டியே கீது. பொண்ணு எங்க, கீழ வண்டியில குந்திகினு கீதா?"

"நீ மொதல்ல வூட்டுக்கு வாம்மா" என்றேன்.

வாடகைக் காரில் வழியெல்லாம் உன்னைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். வீட்டைத் திறந்து கொடுத்தேன். சுவரைக் கையால் தடவிக்கொண்டே அறை அறையாக நடந்தார். அடுப்படிக்குப் போனார், இட்லிக் குண்டானைத் திறந்து பார்த்தார். "வெச்சது வெச்சபடி கீதுப்பா. சொன்ன சொல்லக் காப்பாத்திடுச்சி உன் பொண்ணு. வரச்சொல்லு அதை, சூடா நாலு இட்லி துன்னுட்டுப் போவட்டும்."

நீ சொன்னபடி அவரை முதலில் உட்கார வைத்தேன். அதன் பிறகுதான் சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "இம்மா நாளு மெட்ரோ பொண்ணு, மெட்ரோ பொண்ணுன்னே கூப்ட்டுகினு இருந்துட்டேனே. பேரு இன்னான்னு கேக்கவே இல்லையே" என்றார். "இன்னா பேருப்பா வெச்சே அதுக்கு?"

வாயைத் திறந்தேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டுச் சொன்னேன். உன்னைச் சிதையில் வைத்த பிறகு என் வாயால் உன் பேரைச் சொன்னது அதுதான் முதல்முறை. அவரும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். முன்பின் தெரியாத அந்த வீட்டில் உட்கார்ந்து நான் அழுத அழுகையில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடிவிட்டார்கள் அம்மாடி. நம் வீட்டில்கூட நான் அப்படி அழுததில்லை.

ஸ்டேஷனை இன்னும் திறக்கவில்லை. திறந்தால் போவேனா என்று தெரியாது. அந்த வீட்டில் வாய் திறந்து வந்த உன் பேரை மட்டும் என்னால் மறுபடி விழுங்க முடியவில்லை. காலையில் தறிகள் எல்லாம் ஓட ஆரம்பித்ததும் நடுவில் நின்றுகொண்டு, வாய்விட்டுப் பேர் சொல்லி உன்னைக் கூப்பிடுகிறேன். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிறவனுக்கே கேட்காது. இன்று காலையும் கூப்பிட்டுவிட்டுத் திரும்பினால், கடைக்கோடித் தறியருகே உங்கம்மா நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. தறிக்காரர்கள் நாங்கள், உதட்டைப் பார்த்தே பேச்சைத் தெரிந்துகொள்வோம். அவள் வாயிலும் உன் பேர்தான்.