மிஸ்ட் என்ற சொல்லும் நான் சொன்ன ஒன்பது மணியும்

மாப்ளே,

உன் அகராதி நேற்று மலையேறி என்னிடம் வந்துவிட்டது. உன் வீட்டுக்காரி, எனக்குத் தங்கச்சி முறை ஆகிறவள், அதை உன் காக்கிச் சட்டையில் சுற்றிப் புது டிரைவரிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். முடிச்சை அவிழ்த்ததும் பெட்ரோலும் ஏலக்காயும் கலந்த உன் வாடை அறை முழுக்கப் பரவியது. காமாலையில் நீ போய் இருபது நாள் ஆகிறது. சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தேன். புத்தகத்தை மேசையில் வைத்துக்கொண்டு உனக்கு எழுதுகிறேன்.

தோட்டத்து வெள்ளைக்கார துரை ஊருக்குக் கிளம்பியபோது பங்களாச் சாமான்களை ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். நான் நாற்காலிக்கு அடித்துப் பிடித்து ஓடினேன். நீ யாரும் சீண்டாத இந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கி வந்தாய். இங்கிலீஷ், டச்சு, ஜெர்மன், டேனிஷ் என்று நாலு மொழி. எட்டாவதோடு நிறுத்திய டிரைவருக்கு இது எதற்கு என்று கேலி செய்தேன்.

"நீ தெனமும் நோட்டுல மிஸ்ட்டு, மிஸ்ட்டுன்னு எழுதுறல்ல, நம்ம பொழப்பக் கெடுக்குற அந்தச் சொல்லு. அதை மத்த தேசத்துக்காரன் என்னங்குறான்னு பாப்போம்" என்றாய்.

நான் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர். காலையில் மழைமானியைப் பார்த்து, வானம் எப்படி இருக்கிறது என்று நோட்டில் எழுதுவதும் என் சோலி. அதனால் நாம் மஞ்சு என்கிற அந்த மூடுபனி எப்போது விலகும் என்று எல்லாரும் என்னைத்தான் கேட்பார்கள். பெரும்பாலும் சரியாகச் சொல்லியும்விடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

டச்சுப் பக்கத்திலும் மிஸ்ட் என்றால் மூடுபனிதான். உனக்குச் சப்பென்று போய்விட்டது. ஜெர்மன் பக்கத்தில் அதே எழுத்துகளுக்கு 'எரு' என்று போட்டிருந்ததை நான் வாசித்துச் சொன்னதும், ஜீப்பு மட்கார்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாயே! "ஜெர்மன்காரன் நம்ம ரோட்டுல வண்டி ஓட்டிருப்பான் மாப்ளே!" அதிலிருந்து விடிந்தால் போதும், "இன்னிக்கு எரு ரொம்பக் கொட்டிக் கெடக்கே" என்பாய். கூலிக்குப் போகும் பெண்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

மஞ்சு கட்டிவிட்டால் போடிமெட்டு இறக்கத்தில் வண்டி தனியாகப் போகாது. ஒருவன் முதுகில் வெள்ளைத் துண்டைத் தொங்கவிட்டுக்கொண்டு, கம்பால் ரோட்டோரத்தைத் தட்டியபடி முன்னால் நடக்க வேண்டும். துண்டைப் பார்த்து டிரைவர் வண்டியை நகர்த்துவான். தப்பினால் பள்ளத்தில் முதலில் விழுகிறவன் நடக்கிறவன்தான்.

அந்தக் கார்த்திகை மாதம் விடியற்காலையில் தங்கச்சிக்கு வலி எடுத்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, போடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்று மருத்துவச்சி கைவிரித்துவிட்டாள். அவளை ஜீப்பில் படுக்க வைத்துவிட்டு என் வாசலுக்கு வந்து நின்றாய். கையெட்டும் தூரத்தில் நின்ற உன் முகம்கூடத் தெளிவாகத் தெரியவில்லை.

"மாப்ளே, வெரசா சொல்லு. இப்பவே முன்னால நடக்குறியா, இல்ல மஞ்சு வெலகிருமா?"

நான் வானத்தைப் பார்த்தேன். "ஒம்போது மணிக்கு வெலகிரும். அதுவரைக்கும் பொறு" என்றேன்.

"நீ சொன்னாச் சரிதான்" என்று தங்கச்சியிடம் ஓடினாய்.

ஒன்பதாயிற்று, பத்தாயிற்று. மஞ்சு இன்னும் இறுகியது. நடுப்பகலுக்கு மேல்தான் ரோடு தெரிந்தது. நாலாவது வளைவில் பெண் குழந்தை பிறந்தது. அழவில்லை. தங்கச்சி பிழைத்தாள், அதன் பிறகு அவளுக்கு வயிறு திறக்கவில்லை.

ஒருநாள் நீயே இந்த அகராதியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். டேனிஷ் பக்கத்தில் அந்தச் சொல் வாலில் ஓர் எழுத்து கூடுதலாக நின்றது. மிஸ்ட்டே. வாசிக்கச் சொன்னாய். 'இழந்துபோதல்' என்றேன். நான் தலையைத் தூக்கவே இல்லை. நீதான் என் தோளைத் தட்டினாய். "நீ என்ன பண்ணுவ மாப்ளே? மஞ்சு ஒன் சொல்பேச்சா கேக்கும்?"

அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது. நீ என்னை நாலு அறை அறைந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

நேற்றுத்தான் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் பிரித்தேன். அங்கே சொற்களின் பிறப்பைச் சொல்லியிருக்கிறான். இங்கிலீஷ்காரன் மிஸ்ட்டும் வடமொழி மேகமும் ஒரே வேரில் வந்தவையாம். ஜெர்மன்காரன் எருவுக்கு மூத்திரம் பெய்வது என்று பொருள் தரும் வேர். இதற்கே நீ ஒரு வாரம் சிரித்திருப்பாய். டேனிஷ் சொல்லுக்கும் இவற்றுக்கும் ஒட்டுறவே இல்லை. அது தவறவிடுவது என்ற வேறொரு வேரிலிருந்து வந்தது. இதையெல்லாம் யாரிடம் போய்ச் சொல்ல? உன்னிடம் சொல்லத்தான் பேனாவை எடுத்தேன். எழுத எழுத, சொல்ல வேண்டியது இது இல்லை என்று தெரிகிறது.

உன் காரியத்துக்கு வந்தபோது தங்கச்சி, "அண்ணே, சாகுறவரைக்கும் ஒங்களப் பத்தியேதான் பேச்சு" என்று காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துவிட்டேன். அவளிடமும் வாய் திறக்கவில்லை.

இப்போதெல்லாம் எவளுக்குப் பிரசவம் என்றாலும் துண்டை முதுகில் போட்டுக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் இறங்கிவிடுகிறேன். வானத்தைப் பார்ப்பதில்லை. போன வாரம்கூடப் புது டிரைவரோடு ஒருத்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம், ஆண் பிள்ளை. ரைட்டருக்கு நெஞ்சுரம் அதிகம் என்று தோட்டமே பேசுகிறது. உன் மகளுக்கு மட்டும் நான் நடக்கவில்லை.

அன்று மஞ்சு எப்போது விலகும் என்று எனக்குத் தெரியாது, மாப்ளே. வாய்க்கு வந்த ஒரு மணியைச் சொன்னேன். இறங்கி நடக்க எனக்குப் பயமாக இருந்தது.