பலகை இல்லாத வீடு

மார்ச் 3, ஞாயிறு
விற்பனைப் பலகை தொங்கும் வீடுகளை நான் ஏறிட்டும் பார்ப்பதில்லை. அவற்றைத் தரகர்கள் மொய்த்திருப்பார்கள். எவரும் கவனியாத வீட்டைத் தேடித்தான் ஞாயிறுதோறும் தெருத்தெருவாக நடக்கிறேன். அதைச் சீராக்கி வாடகைக்கு விட வேண்டும். பிதுங்கும் தபால் பெட்டி, முழங்கால் உயரப் புல், மிதிபடாத சருகு: இவை அடையாளங்கள். முதல் விதி, வாங்கும் வீட்டில் நான் வசிப்பதாக எண்ணிப் பார்க்கக் கூடாது. ஆசை வந்தால் கணக்கு தப்பும்.

அச்சகத்திற்குப் பின்புறத் தெருவில் இன்று ஒரு வீடு. ஒரு கொடி சன்னல் வழியே சமையலறைக்குள் புகுந்திருக்கிறது.

மார்ச் 10, ஞாயிறு
உரிமையாளர் ஒரு தையற்காரர். வீடு அவருடைய பெரியம்மாவினது. "வாடகைக்கு விடறதுக்குன்னா தர மாட்டேன் சார். இருக்கட்டும், அதுபாட்டுக்கு இருக்குது," என்றார். ஆயினும், பார்த்துவிட்டு மெதுவாகத் திருப்பித் தரச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். "கதவு மக்கர் பண்ணும். கொஞ்சம் தூக்கித் தள்ளுங்க."

உள்ளே குளத்தின் அடியில் இருப்பதைப் போலப் பச்சை வெளிச்சம். அளவுநாடாவை விரிக்கவேயில்லை. சமையலறைத் தரையில் அமர்ந்திருந்தேன், எவ்வளவு நேரமென்று தெரியவில்லை.

குடியிருக்கத்தான் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பொய் சொல்பவன் அல்லன்.

மார்ச் 14, வியாழன்
கனவில் அந்தச் சமையலறை. நான் படிக்கிறேன், கொடி பக்கங்களைப் புரட்டுகிறது. விதி மீறல்.

மார்ச் 17, ஞாயிறு
மீண்டும் அங்கே போய்த் திரும்பினேன். மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஒருத்தர் வந்தாருங்க. பஸ் ஓட்டறவராம். வீடு விலைக்கு வருமான்னு கேட்டாரு."

"எந்த வீடு?"

"நம்ம வீடுதான். புல்லையும் தபால் பெட்டியையும் பாத்துட்டு, ஆளே இல்லன்னு நெனச்சிருக்காரு. நான் கதவத் தெறந்ததும் பேயப் பாத்த மாதிரி ரெண்டடி பின்னால போயிட்டாரு பாவம்."

சிரித்தாள். பிறகு, "உங்க அடையாளமெல்லாம் நம்ம வாசல்லயே இருக்கு," என்றாள். அப்போது சிரிக்கவில்லை.

ஞாயிறுதோறும் அவள் தனியாகவா இருந்தாள்? ஊரிலுள்ள பூட்டிய வீடுகளெல்லாம் தெரிகின்றன எனக்கு, இது மட்டும் எப்படித் தெரியாமல் — என்ன மனுஷன் நான்?

மார்ச் 24, ஞாயிறு
காலையில் புல் வெட்டினேன். மாலையில் அவளை அங்கே அழைத்துச் சென்றேன். கொடியின் அடியில் நெடுநேரம் நின்றாள்.

"இதையா வாடகைக்கு விடப் போறீங்க?"

"அதுதான் திட்டம்."

"மூஞ்சியப் பாத்தா அப்படித் தெரியலயே."

திரும்பும் வழியில் தையற்காரரிடம் சாவியை நீட்டி, "நாங்களே குடியிருக்கப் போகிறோம்," என்றேன். பொய்யில்லை. அவர் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை.

ஜூன் 2, ஞாயிறு
எங்கள் பழைய வீட்டில் அந்தப் பேருந்து ஓட்டுநர் நேற்றுக் குடியேறினார், வாடகைக்கு. "பேய் ஒண்ணும் இல்லியேக்கா?" என்று கேட்டாராம். "இருந்துச்சு. இடம் மாறிடுச்சு," என்றாளாம் இவள்.

இன்று நான் எங்கும் நடக்கவில்லை. கொடியின் நுனி நான் எழுதும் இந்தப் பக்கத்தைத் தொடுகிறது. வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டுங்க," என்றாள், எதிர் நாற்காலியிலிருந்து. "அதுபாட்டுக்கு இருக்குது."