புகை முறிக்கிற பெயிண்ட்

தஞ்சாவூர்
4.11.2009

அன்பு மகன் சகாயராஜுக்கு,

அம்மா எழுதுவது. போனில் உன் குரல் கேட்டாலே எனக்குச் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோகிறது, அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

நீ கார்கோவில் போட்ட டின் வந்தது. வெயில் பட்டால் வண்டிப் புகையை முறிக்கிற பெயிண்ட் என்றாயே, அதை அப்பா கல்லறைக்கு அடித்துவிட்டேன். முந்தாநாள் கல்லறைத் திருநாளுக்கு மற்ற கல்லறையெல்லாம் சுண்ணாம்பு, நம்முடையது மட்டும் பளிச்சென்று இருந்தது. பக்கத்து வீட்டு ஜாய்ஸ் அக்கா, "என்ன அருளு, உன் வீட்டுக்காரரு கல்யாண மாப்பிள்ளையாட்டம் இருக்காரு!" என்றது. அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

உன் அம்மா
அருள்மேரி

சிங்கப்பூர்
15.11.2009

அன்புள்ள அம்மாவுக்கு,

அது நம் வீட்டு ரோட்டுப் பக்கச் சுவருக்கு அனுப்பினதம்மா! பஸ் ஸ்டாண்டு வாசலில் டீ ஆற்றி ஆற்றி, அந்தப் புகைதானே அப்பா நெஞ்சில் போய் உட்கார்ந்தது? இப்போது நீங்களும் இருமுகிறீர்கள். ஒரு சுவர் ஊர்ப் புகையைத் தின்றுவிடாது. இங்கே மேம்பாலத்தடியில் நாங்கள் வரிசையாக எல்லாச் சுவருக்கும் அடிக்கிறோம், அப்படியும் கொஞ்சம்தான் குறையும். அந்தக் கொஞ்சமாவது உங்களுக்குக் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். மூச்சு விடாதவருக்கு எதற்கம்மா அது?

வேறு டின் அனுப்புகிறேன். டாக்டரைப் பாருங்கள்.

சகாயம்

தஞ்சாவூர்
2.12.2009

என் கண்ணு சகாயத்துக்கு,

நல்லாத் திட்டியிருக்கிறாய், அப்படியே அப்பா மாதிரி. இருமல் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். டாக்டரைப் பார்த்தேன். கட்டிலைக் கொல்லைப் பக்க அறைக்கு மாற்றிவிட்டேன். அடுத்த டின் வந்தால் சுவருக்கே அடிக்கிறேன், சத்தியம்.

எதற்கு என்று கேட்டாயே. செத்தவருக்கு வரும் முதல் கல்லறைத் திருநாளில் மகன்தான் வெள்ளையடிக்க வேண்டும், நம் ஆட்கள் வழக்கம். உன்னை அடக்கத்துக்கே கம்பெனிக்காரன் விடவில்லை. திருநாளுக்கு முந்தின நாள், கல்லறைத் தோட்டத்தில் வேலை பார்க்கிற தங்கையன் சுண்ணாம்பு வாளியோடு வந்து நின்றான்.

"மகன்தான் இல்லையே அக்கா, நான் அடிச்சிடட்டுமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "யாருடா இல்லைன்னது? வாளியை எடுத்துக்கிட்டுப் போ!" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து உன் டின்னைத் தூக்கிக்கொண்டு போனேன். நீ அங்கே அடிக்கிற பெயிண்ட், உன் கை பட்ட டின். பிரஷைப் பிடித்தது மட்டும்தான் நான். மழை விட்ட வெயிலில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை அடித்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்:

"நல்லாப் பாத்துக்கங்க, உங்க மகன் அடிச்சது."

உன் அம்மா
அருள்மேரி